மாமனார் பெயர் கொண்ட ஊற்று

எங்கள் தோல் தொழிற்சாலையில் மாமனார் பெயரைச் சொல்லாமல் பாதுகாப்பு அதிகாரி மீரிமால் வகுப்பு எடுக்கவே முடியாது. மீரிமோ அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் இந்தக் கூத்துதான்.

கண்ணில் ரசாயனம் தெறித்தால் கழுவுவதற்கென்று சுண்ணாம்புக் கூடத்தின் நடுவில் ஒரு தொட்டி உண்டு. பச்சை மூடி, கீழே ஒரு மிதிகட்டை. மிதித்தால் மூடி திறந்துகொண்டு இரண்டு தாரைகள் கீழிருந்து மேலாகப் பாயும். காலை எடுத்தாலும் நிற்காது. குனிந்து முகத்தைக் கொடுத்தால் இரண்டு கண்ணும் நனையும். அது வந்து இறங்கிய அன்றே எங்கள் ஆட்கள் அதற்குப் புலக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் கிர்கிஸ் பேச்சில் புலக் என்றால் ஊற்று. நல்ல பெயர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூடத்து மேஸ்திரியின் பெயர் புலக்பாய். அவர்தான் மீரிமின் மாமனார்.

மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. தலைநகர் பிஷ்கெக்கில் படித்த பெண்கள் பலர் இதையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். மீரிமும் அங்கே படித்தவள்தான். ஆனால் அவள் மாமியார் சூராகானை உங்களுக்குத் தெரியாது. ஊருக்குள், டோக்மோக்கில், தன் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள், காது மட்டும் எங்கள் கூடத்துக்குள் வந்து வேலை பார்க்கும்.

வகுப்பில் வம்புக்கு இழுப்பது தாலாய். தோலை ஊறவைத்து உருட்டுகிற டிரம்மில் ஏற்றி இறக்குகிறவன், வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

"கண்ணுல தெறிச்சா எங்க ஓடணும், மருமகளே?" என்பான். மேஸ்திரி வீட்டு மருமகள் எங்கள் எல்லாருக்கும் மருமகள்தானே.

"தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணே. அங்க." முகவாயை நீட்டிக் காட்டுவாள்.

"அங்கன்னா? அங்க டீ பாய்லர்கூடதான் இருக்கு. அதுல மூஞ்சிய விடவா?"

"கீழேருந்து மேல பாயுமே, அதுல."

"அதுக்கு ஒரு பேரு உண்டே?"

"உங்களுக்குப் பேரு வேணுமா, கண்ணு வேணுமா?"

கூடமே சிரிக்கும். பின்வரிசையில் குழாயைச் சுருட்டுகிற மாதிரி நின்றுகொண்டு புலக்பாயும் மீசைக்குள் சிரிப்பார். மீரிம் சிரிக்கமாட்டாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவாள். அந்த நிதானம் எனக்கு வராது. நான் ஷாயிர், சதை சீவும் இயந்திரத்தில் நிற்கிறவள். என்னை அப்படிச் சீண்டியிருந்தால் தாலாயின் காது அவன் தலையில் இருந்திருக்காது.

அந்தப் பெண்ணிடம் எனக்கு முதலில் பிடித்தது அவள் பிடிவாதம். கண் கழுவும் தொட்டி எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும், பெரும்பாலும் ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக. மிதித்தால் துருத் தண்ணீர் வரும், அல்லது ஒன்றுமே வராது. மீரிம் வாரம் தவறாமல் அதைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளியும்வரை பக்கத்திலேயே நிற்பாள். தன் விரலை விட்டுப் பார்ப்பாள். பனிக்காலத்தில் குழாய் உறையாமலிருக்க கம்பளி சுற்றினாள். அது போதாதென்று நிர்வாகியிடம் சண்டை போட்டு, தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதற்கு ஒரு சூடேற்றியும் வாங்கினாள்.

"கண்ணு கழுவ வெந்நீரா? இது என்ன, குளியல் கூடமா?" என்று நிர்வாகி கத்தினார்.

"ஐஸ் தண்ணில நீங்க எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வச்சிருப்பீங்க, ஐயா? பத்து எண்ணுறதுக்குள்ள மூடிக்குவீங்க. கால் மணி நேரம் திறந்து வச்சிருந்தாதான் கண்ணு தங்கும்" என்றாள். உரக்கப் பேசவில்லை. நிர்வாகி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வாரம் சூடேற்றி வந்தது.

ஒரே ஒருவரிடம்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. மாமனாரிடம். சுண்ணாம்புக் கூடத்தில் எந்நேரமும் ஆவி. பாதுகாப்புக் கண்ணாடி நொடியில் மங்கிப்போகும். மங்காமலிருக்க அவள் மருந்து வாங்கிக் கொடுத்தாள், துடைக்கத் துணி கொடுத்தாள். எங்கள் எல்லாரையும் போட வைத்தாள். புலக்பாய் மட்டும் கண்ணாடியைத் தொப்பிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு திரிவார். கேட்டால், போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்பார். மற்றவர்களைப் பெயர் சொல்லி அதட்டுகிறவள், அவர் முன்னால் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவாள்.

"அத்தா, கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கணும்."

"நான் இந்தச் சுண்ணாம்புலயே நரைச்சவன் தாயி. அது என்னைக் கடிக்காது."

"சுண்ணாம்புக்கு மேஸ்திரி யாருன்னு தெரியாது, அத்தா."

"தெரியும், தெரியும். நீ போ."

அவள் போவாள். பெரியவருக்கு முதுகைக் காட்டாமல் ரெண்டடி பின்னால் நகர்ந்து, அப்புறம்தான் திரும்புவாள். அதிகாரியாக இருந்தால் என்ன, மருமகள் மருமகள்தானே. எனக்கு வயிறு எரியும்.

ஜனவரியில் ஒரு காலை. வெளியே இடுப்பளவு பனி. மூன்றாவது டிரம்முக்குக் காரக்கரைசல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்தது, மாட்டுத்தோலின் மயிரையே கூழாக்கிவிடும். புலக்பாய் குழாயின் இணைப்புப் பூட்டுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு கழன்றது. குழாய் ஒரு துள்ளு துள்ளிக் கரைசலை அவர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

கண்ணாடி தொப்பிமேல் பத்திரமாக இருந்தது.

அவர் கத்தவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தள்ளாடி, வாசல் கதவை நோக்கி ஓடினார். ஏன் என்று எங்களுக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்து மனுசனுக்கு எங்கே எரிந்தாலும் கை பனியைத்தான் தேடும். சுண்ணாம்புத் துகள் ஒட்டிய கண்ணில் ஒரு கை பனியை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"அத்தா! அத்தா, நில்லுங்க!" கூடத்தின் மறுகோடியிலிருந்து மீரிம் ஓடிவந்தாள். டிரம்கள் உருளுகிற இரைச்சல். போதாததற்கு எங்கள் கூடத்தில் நரைத்தவன் எல்லாருமே அத்தாதான். அந்தக் குரலுக்கு மூன்று கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. கதவின் கைப்பிடியைத் தடவிப் பிடித்துவிட்டார்.

"புலக்பாய்!"

கூடம் அப்படியே நின்றது. நான் என் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"புலக்பாய்! அங்க போகாத! புலக்குக்கு வா! திரும்பு!"

அண்ணே இல்லை, அத்தா இல்லை, மரியாதை ஒட்டு எதுவும் இல்லை. மொட்டையாகப் பெயர். அந்த மனிதரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஆள் இல்லாமல் போய் எத்தனை காலமோ. சாட்டை பட்டவர் போல நின்றுவிட்டார். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. அவள் எட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மிதிகட்டையை உதைத்து, அவர் பிடரியில் கை வைத்துத் தலையைத் தொட்டிக்குள் அமுக்கினாள். மாமனார் உட்கார்ந்த பாயைக்கூட மிதிக்காத பெண் அவள்.

"கண்ணைத் திற!"

"முடியல..."

"திற!"

கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள். ஒரு கையின் இரண்டு விரலால் ஒரு கண்ணின் இமைகளையும், மறு கையால் மறு கண்ணின் இமைகளையும் பிளந்து பிடித்தாள். பக்கத்தில் நின்ற ஒருவனைப் பார்த்து அவரைப் பின்னாலிருந்து தாங்கச் சொன்னாள். என்னைப் பார்த்து, "அக்கா, மணி பாருங்க. கால் மணி நேரம். அதுக்கு முன்னாடி நான் விட்டா என்னை அடிங்க" என்றாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், கால் மணி நேரம் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் அவர் முனகினார். பிறகு கெஞ்சினார். வலி கொஞ்சம் குறைந்ததும் வெட்கம் வந்துவிட்டது. இத்தனை பேர் பார்க்க, மருமகள் விரல் தன் கண்ணுக்குள் இருக்கிறது என்ற நினைப்பு வந்திருக்கும்.

"போதும் தாயி. வலி போயிடுச்சு. விடு."

"வலி போனா போதாது. உள்ள இன்னும் இருக்கு."

"நான் சொல்றேன், விடு."

"மாட்டேன்."

"நான் உன் மாமனாரு! விடுன்னு சொல்றேன்!"

"இங்க நீங்க மாமனாரும் இல்ல, மேஸ்திரியும் இல்ல. ரெண்டு கண்ணு. அவ்வளவுதான். அசையாதீங்க."

மரியாதை திரும்பி வந்துவிட்டதைக் கவனித்தேன். ஆனால் விரல் இமையை விட்டு அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தாலாய் மூச்சிரைக்க ஓடிவருகிறான், கையில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஐரான். புளித்த மோர். அவனைத் திட்டவும் முடியாது. நாங்கள் தோலிலிருந்து சுண்ணாம்பை எடுப்பது புளிப்பை வைத்துத்தான். புளிப்பு சுண்ணாம்பைக் கொல்லும் என்பது எங்கள் கூடத்தில் எவனுக்கும் தூக்கத்திலும் தெரியும். எங்களைப் போல ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது.

"தள்ளு மருமகளே, இத ஊத்துறேன்! உடனே முறிஞ்சிரும்!"

"கிட்ட வராதீங்க!"

"புளிப்புதானே சுண்ணாம்புக்கு மருந்து? தினம் செய்யறமே!"

"அது தோலுண்ணே! செத்த மாட்டுத் தோலு! இது உசுருள்ள கண்ணு! தண்ணியத் தவிர ஒண்ணும் படக் கூடாது!"

அவன் கேட்கவில்லை. பாவம், பாசத்தில் கையை நீட்டினான். அவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தது. காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள். கிண்ணம் பறந்து ஐரான் முழுக்க என் பூட்ஸில் கொட்டியது. எனக்குக் கோபமே வரவில்லை. கைதட்டலாமா என்றுதான் இருந்தது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி நின்றது. குரல் மட்டும் ஒரே சீராக, "மேல பாருங்க. இப்ப கீழ. இப்ப இடது பக்கம். நல்லது. இன்னொரு தடவை மேல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் சொன்னபடி கேட்கத் தொடங்கினார். வெதுவெதுப்பான தண்ணீர் அவர் கன்னத்தில் வழிந்து, காதில் வழிந்து, எங்கள் எல்லாருடைய காலடியிலும் ஓடியது. அந்தச் சூடேற்றிக்காக அவளிடம் கத்திய நிர்வாகி, தன் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"நேரம் ஆச்சு" என்றேன்.

"வண்டி வந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வர்ற வரைக்கும்" என்றாள்.

ஆம்புலன்ஸில் அவளே ஏறி, பிஷ்கெக் போகும்வரை சுத்தத் தண்ணீர் பாட்டில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனாளாம். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்பது. பதிலைக் கேட்டுவிட்டு, "அதான் காப்பாத்த ஏதோ மிச்சம் இருக்கு" என்றாராம். இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். பார்வை வருமா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியும்.

இங்கே டோக்மோக்கில் செய்தி வேறு மாதிரி கிளம்பியது. மருமகள் மாமனாரைப் பெயர் சொல்லி, அதுவும் வா, போ என்று கூப்பிட்டாளாம். பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாளாம். ஐரானைக் காலால் உதைத்தாளாம். எங்கள் பக்கத்தில் பால், மோர் என்று வெள்ளையாக இருக்கிற உணவை உதைப்பது சின்னப் பாவம் இல்லை. கண்ணைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

நான் பார்க்கப் போனபோது சூராகான் வீட்டில் நாலைந்து உறவுக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மீரிம் தேநீர் ஊற்ற வந்தாள். கைகளைச் சட்டையின் நீளமான கைகளுக்குள் இழுத்துக்கொண்டு, துணியோடு சேர்த்துக் கெண்டியைப் பிடித்திருந்தாள். சூராகான் அதைப் பார்த்தாள்.

"பெரியவங்களுக்கு ஊத்துறப்ப கையை மறைச்சுக்குவியா? அந்த மரியாதையும் போச்சா? குடு இங்க."

கெண்டியைப் பிடுங்கிப் பக்கத்தில் இருந்த தன் மகளிடம் கொடுத்தாள். எங்கள் வீடுகளில் மருமகள் கையிலிருந்து கெண்டியைப் பிடுங்கினால், இனி உன் கையால் எதுவும் வாங்கமாட்டோம் என்று அர்த்தம். மீரிம் வாசல் பக்கம் போய் நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சூராகான் அக்கா, அவ கத்தலேன்னா உங்க வீட்டுக்காரரு பனிய வாரித் தேச்சுக்கிட்டிருப்பாரு. நான் கண்ணால பார்த்தேன்."

"நீ பாத்த. நான் கேட்டேன். ஊரே கேட்டுச்சு. என் மாமியார் செத்து இத்தனை வருஷமாகியும் அவங்க பேரை நான் ஒரு தடவை சொன்னதில்ல."

"உங்க மாமியார் கண்ணுல சுண்ணாம்பு விழுந்துச்சா?"

"எழுந்து போ ஷாயிர்" என்றாள். போனேன். அன்று நான் குடிக்காமல் விட்ட தேநீர் இன்னமும் எனக்கு இனிக்கிறது.

ஆனால் அந்தக் கிழவியை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அவள் பயந்துபோயிருந்தாள். புருஷனுக்குக் கண் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தைத் தூக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மருமகள் தலை பக்கத்தில் இருந்தது.

கட்டுப் பிரிக்கிற நாளில் தொழிற்சாலை சார்பாக நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் திறந்ததும் தன் முகம்தான் தெரிய வேண்டுமென்று சூராகான் கட்டிலுக்கு நேர் எதிரே நின்றாள். நல்ல சால்வை போட்டிருந்தாள். மீரிம் கதவோரம் சுவரோடு ஒட்டி, தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. இந்தக் கண்கள் திறக்காமல் போனால் அந்த வீட்டில் அவளுக்கு இடம் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டாக்டரம்மா வலது கண்ணின் கட்டைப் பிரித்தார். "என்ன தெரியுது?"

"வெளிச்சம். ஜன்னல் மாதிரி ஏதோ. புகையா இருக்கு."

சூராகான் வாயைப் பொத்திக்கொண்டாள். இடது கண்ணின் கட்டையும் பிரித்தார்கள். புலக்பாய் கண்ணைக் கொட்டினார். திரும்பத் திரும்பக் கொட்டினார். மனைவியின் சால்வையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே இருந்தார்.

"அது யாரு?"

நானும் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"யாரா? நம்ம மருமகதான். தெரியலையா?" சூராகானின் குரல் உடைந்தது.

"தெரியுது. மூக்குல ஒரு மச்சம். இடது பக்கம். எனக்குத் தெரியவே தெரியாது இவளுக்கு மச்சம் இருக்குன்னு." எழுந்து உட்கார்ந்தார். "கொருந்துக் எங்க? வெறுங்கையோட பாத்துட்டேன். கொருந்துக் குடு."

கொருந்துக் என்பது புதுப்பெண்ணின் முகத்தை முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் கொடுக்க வேண்டிய பரிசு. கொடுக்காமல் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

"என்ன பேசறீங்க? கல்யாணமாகி மூணு வருஷமாச்சு. அன்னைக்கே குடுத்தாச்சு" என்றாள் சூராகான்.

"அன்னைக்குக் குனிஞ்ச தலையப் பாத்தேன். மூணு வருஷமா உச்சந்தலையத்தான் பாத்தேன். இன்னைக்குத்தான் முகம் பாக்குறேன். இந்தக் கண்ணே அவ குடுத்தது, அதால அவளப் பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா? உன் கையில இருக்கறதக் கழட்டு."

சூராகானின் கையில் இருந்தது அவள் மாமியார் போட்டுவிட்ட வெள்ளிக் காப்பு. அவள் அசையாமல் நின்றாள். பிறகு காப்பைத் திருகத் தொடங்கினாள். கிழவியின் கை தடித்துப்போயிருந்தது, மூட்டில் சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோல் சிராய்த்து அது வெளியே வந்தது.

"இங்க வா" என்றாள் மருமகளிடம். அந்த வாரத்தில் கெண்டி பிடுங்கியதற்கு அப்புறம் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "கையை நீட்டு."

மீரிம் தயங்கினாள். சட்டைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"நீட்டுன்னு சொல்றேன்ல." சூராகானே அவள் மணிக்கட்டைப் பிடித்து, துணியைப் பின்னால் தள்ளினாள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். விரல் நுனிகள் எல்லாம் தோல் உரிந்து, சிவந்து, சில இடங்களில் வெடித்திருந்தன. மாமனாரின் முகத்திலிருந்தும் தலைமயிரிலிருந்தும் வடிந்த காரம் முதலில் அந்த விரல்களில்தான் இறங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் எதிரில் புண்ணைக் காட்டக் கூடாதென்று மறைத்துக்கொண்டு தேநீர் ஊற்றியிருக்கிறாள்.

"ஆறிட்டு வருது, அத்தை" என்றாள் மீரிம் மெதுவாக.

சூராகானின் கையிலிருந்து காப்பு கட்டில்மேல் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மருமகளின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, அந்த விரல்களைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். முதலில் வலது கண்ணில், அப்புறம் இடது கண்ணில். ஒற்றியதை எடுக்காமல் அப்படியே நின்று அழுதாள்.